லாயத்து வாசலில் சம்பந்தி

மார்ச் 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பிள்ளைகளின் விவாகரத்து முடிந்த பிறகும் சம்பந்தி என்று எழுதலாமா, தெரியவில்லை. வேறு முறை வாயில் வரவில்லை.

எங்கள் குதிரை சாம்பல் பிழைத்துவிட்டாள். நேற்று லத்தி போட்டாள். அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

மகளின் துணிமணியையும் தையல் மெஷினையும் எடுத்துப் போகத்தான் வந்தீர்கள். வாசலிலேயே நின்று, “அந்தக் குதிர ஏன் வயித்தயே திரும்பித் திரும்பிப் பாக்குது?” என்று கேட்டீர்கள். காலையிலிருந்து முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள், தீனியைத் தொடவில்லை. வெயில் அலுப்பு என்று நினைத்துவிட்டேன். நீங்கள் விலாவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “குடல் சத்தமே இல்ல, அடைச்சிருக்கு” என்றீர்கள்.

என் மகன் உங்கள் பெண்ணை அழவைத்த வீடு இது. டாக்டர் என்ற கடமைக்கு ஓர் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தாலே பெரிய விஷயம். நீங்களோ மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றி, பட்டுப்புடவையோடு லாயத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். புடவைக் கறை போயிற்றா?

நன்றியுடன்,
லாயத்துக்காரி

மார்ச் 17

சம்பந்தி,

கறை போகவில்லை. போகட்டும்.

சாம்பலுக்கு ஈறு வெளுக்கவில்லை, ஊசி போட்டதும் நாடித் துடிப்பு இறங்கியது. அதனால்தான் ஆபரேஷன் வரை போகாது என்று தெம்பாகச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். தொட்டித் தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது. அவள் சரியாகக் குடித்திருக்க மாட்டாள், போதாததற்குத் தின்றதும் காய்ந்த புல், அதுதான் அடைத்துக்கொண்டது. தொட்டியைக் கழுவி வையுங்கள்.

நன்றி நான் சொல்ல வேண்டியது. பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்த அன்று, உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் என் பெண்ணை வாயாடி என்றார்கள். “தப்பு என் மகன் மேலதான். அவள ஏன் போட்டு வறுக்குறீங்க?” என்று எழுந்து சொன்னது நீங்கள் மட்டும்தான். அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அன்புடன்,
மாட்டு டாக்டர்

மே 2

அன்புள்ள சம்பந்தி,

நீங்கள் அனுப்பிய மருந்து வந்து சேர்ந்தது. கொண்டுவந்த ஆளைத்தான் எதிர்பார்க்கவில்லை. முன்கூட்டியே சொன்னால் நான் பதறுவேன் என்று நினைத்தீர்களா?

போனில் அரைகுறையாகச் சொன்னேன் இல்லையா, எங்கள் கிழட்டுக் குதிரைக்கு நீராகக் கழிச்சல். இந்தத் தடவை அலுப்பு என்று விடவில்லை. உடனே தனியாகக் கட்டினேன், காய்ச்சல் பார்த்தேன். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிந்தது. உடம்பில் நீர் வற்றுகிறது என்று புரிந்து இங்குள்ள டாக்டரைக் கூப்பிட்டேன். “நல்லவேளை, சீக்கிரம் சொன்னீங்க” என்றார். நரம்பில் சலைன் ஏற்றினார், லத்தியைச் சோதனைக்கு அனுப்பினார். இப்போது கெட்டிப்பட்டு வருகிறது.

மருந்தோடு வந்த உங்கள் பெண் வீட்டுக்குள் வராமல் நேரே லாயத்துக்குப் போனாள். மகன் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டான் என்று நானாகவே சொன்னேன். தலையாட்டினாள், அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு கிழவனைக் கெஞ்சிக் கொஞ்சிக் குடிக்க வைத்தாள். பிறகு என்னோடு உட்கார்ந்து காப்பி குடித்தாள். புது வேலை, புது மேனேஜர் என்று சிரிக்கச் சிரிக்கப் பேசினாள்.

கிளம்பும்போது பழக்கத்தில், “வரேன் அத்த” என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்படியே கூப்பிடுடி” என்றேன்.

உங்கள்,
சம்பந்தி