நான் சொன்ன பிரசங்கங்கள்

பாப்பா அப்பாவுக்கு,

முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் ஒரே வீட்டுக்குள் கடிதம்.

பாப்பாவின் சவப்பெட்டியைச் சர்ச் வாசல் வழியாகத் தூக்கிப்போன நாளோடு நீங்கள் ஆராதனைக்கு வருவதை விட்டீர்கள். "நீ மட்டும் விடாம போ. எனக்கும் சேத்து ஜெபம் பண்ணு, அது போதும்" என்றீர்கள். ஞாயிறுதோறும் என் பைபிளைத் துடைத்துக் கொடுப்பீர்கள். திரும்பி வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் "பிரசங்கத்துல ஐயர் என்ன சொன்னாரு?" என்பீர்கள். நானும் சொல்வேன்.

நான் போகவில்லை. ஏழு மாதமாக ஒரு வாரம்கூடப் போகவில்லை. அந்த வாசற்படியில் கால் வைக்க முடியவில்லை. எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்து, ஜனங்கள் வெளியே வந்ததும் எழுந்து நடப்பேன். பிரசங்கத்தை வழியில் யோசித்துக்கொள்வேன். கதை அளப்பதில் நான் கெட்டிக்காரி என்று கேலி செய்வீர்களே, அது சரிதான்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் கடவுளும் தலைகுனிந்துதான் நிற்பார் என்று போன வாரம் ஐயர் சொன்னதாகச் சொன்னேன். நீங்கள் அழுதீர்கள். "அடுத்த வாரம் நானும் வரேன். அந்த மனுஷன் கையைப் பிடிச்சுக்கணும்" என்றீர்கள். இப்போது வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைப் பைபிளுக்குள் வைக்கிறேன். நாளைக் காலையில் துடைக்க எடுப்பீர்கள்.

ஐயர் அப்படிச் சொல்லவில்லை. சொன்ன நானும் அதை நம்பவில்லை. இந்த ஏழு மாதமும் உங்களுக்காக அங்கே யாரும் ஜெபிக்கவில்லை.

பாப்பா அம்மா