சாலைப் பக்கச் சுவர்

சிம்பாங் ரெங்கம்
24.1.2026, சனிக்கிழமை

அன்பு மகள் மெலிசாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி டாரிலும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் மெல்பர்னில் அப்படியே இருக்கவேண்டும் என்று உன் பெயரைச் சொல்லாமல் அம்மா ஜெபமாலையைக் கீழே வைப்பதில்லை. தினமும் போனில் பேசுகிற அப்பா ஏன் திடீரென்று பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேசினால் மழுப்பிவிடுவேன், அது எனக்கே தெரியும். அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து உனக்கு அனுப்பப்போகிறேன். நம் புது வீட்டின் முன் அறையில் கவிழ்த்துப்போட்ட சாயத் தகர டப்பாவின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இது மூன்றாவது தாள், முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையை மட்டும் மறக்கிறாள். டாரில் வழக்கம்போல விடிவதற்கு முன்பே மோட்டாரில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு ஓடுகிறான், மழைக்கோட்டு காய்வதற்குள் அடுத்த நாள் வந்துவிடுகிறது. மெல்பர்னில் வெயில் நாற்பதைத் தாண்டியது என்று செய்தியில் சொன்னார்கள், தண்ணீர் நிறையக் குடி, ரொட்டியை மட்டும் தின்று நாளை ஓட்டாதே, போன தடவை பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. பார்த்தாயா, சொல்ல வந்ததை விட்டுவிட்டு மாத்திரையையும் ரொட்டியையும் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இந்த வீட்டைப் பற்றியது. சாலைப் பக்கச் சுவரைப் பற்றியது. நீ சொந்தமாக வரைந்த முதல் வீடு இது, நானும் அம்மாவும் கடைசிக் காலத்தில் வந்து இருப்பதற்கென்று ஒவ்வொரு கோடாகப் போட்டு அனுப்பினாய். இந்த நிலத்து மண்ணையே தோண்டி, துளி சிமிண்டு கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல் ஈரச் சாக்குப் போட்டு ஆறவைத்த மண்கல். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, மேலே மூங்கில், இடித்த பழைய கட்டடத்திலிருந்து வாங்கிய ஜன்னல்கள். மண்கல்லுக்குச் சிமிண்டுப் பூச்சு கூடாது, பளபளக்கிற சாயம் கூடாது, கூரை சுவரைத் தாண்டி நான்கு அடி நீட்டியிருக்கவேண்டும் என்று மூன்றையும் சிவப்பு மையில் எழுதியிருந்தாய். போனிலும் சொன்னாய், "ப்பா, செவுரு மூச்சு விடணும்ப்பா, மறந்துறாதீங்க" என்று. மற்ற மூன்று சுவர்களையும் நீ சொன்னபடியே கட்டினேன். சாலைப் பக்கத்தை மட்டும் செப்டம்பரில் என் இஷ்டத்துக்கு மாற்றினேன். சிமிண்டு பூசி, மழைக்குத் தாங்கும் என்று கடைக்காரன் கொடுத்த சாயத்தை இரண்டு தடவை அடித்து, சாயம் போகிறவர் வருகிறவர் கண்ணில் படவேண்டும் என்று கூரையையும் அந்தப் பக்கம் இரண்டு அடியாகக் குறைத்துவிட்டேன். அந்தச் சுவரைக் காட்டச் சொல்லி நீ கேட்ட இரண்டு தடவையும் லைன் சரியில்லை என்று போனை வெட்டினேனே, லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். பக்கத்து நிலத்து அய்யாவு மாமாவை உனக்குத் தெரியும், லாயாங் லாயாங் எஸ்டேட்டில் நானும் அவனும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து பார்த்துவிட்டு, "என்னா மரியநாதா, எஸ்டேட்ட விட்டு வெளியாயி இத்தன வருசம் களிச்சி மறுபடியும் மண்ணு வீடா? மக ஆஸ்திரேலியாவுல இருக்கு, ஒரு செங்கல்லு வாங்க வக்கில்லையா லா?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தான். அன்றைக்கு நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனபின் சோறு இறங்கவில்லை. பலகைச் சுவரில் பிறந்தவன் நான், இப்போது நாம் இருக்கும் மாசாய் வீட்டுச் சாவியை வாங்கிய அன்று செங்கல் சுவரை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தவன். நீ சொன்ன சுற்றுச்சூழல், புவி வெப்பம் எல்லாம் எனக்குப் புரிந்துதான் இருந்தது, ஆனால் சாலையில் போகிறவன் கண்ணுக்கு இது மண் வீடாகத் தெரியக்கூடாது என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு சுவர்தானே என்று நினைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் முட்டாள்தனம் என்று போயிருக்கும். நவம்பரில் நீ அனுப்பிய ஈரம் பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்து நான்கு சுவர்களிலும் வைத்துப் பார்த்தேன். மூன்று சுவர்களில் ஐந்து, ஆறு சதவீதம். சாலைப் பக்கம் முதல் நாளே பன்னிரண்டு. மீட்டர் கெட்டுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சமையலறைச் சுவரின் எண்ணை உனக்கு எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் பதினான்கு. அதற்கும் ஆறு என்று அனுப்பினேன். இப்படிப் பதினொரு வாரம். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் மீட்டரைப் பார்த்து மணிக்கு ஒரு தடவை எண் எழுதியவன் உன் அப்பா, மேனேஜர் பக்கத்தில் நின்று மாற்றி எழுதச் சொன்னபோதும் மாட்டேன் என்றவன். மகளுக்கு மட்டும் பதினொரு பொய் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது மெலிசா.

இந்த மாதம் முதல் வாரம் நான்கு நாள் விடாமல் மழை அடித்தது. வந்து பார்த்தால் சாயம் அங்கங்கே கொப்பளித்திருந்தது, கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினேன், தண்ணீர் பீய்ச்சியது. சிமிண்டில் மயிரிழை வெடிப்பு, அது வழியாக உள்ளே போன மழை வெளியே வர வழியில்லாமல் நின்றிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கீழ் மூன்று வரிசைக் கல்லும் நகத்தால் கீறினால் உதிர்கிறது. கொத்தனார் கனகராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அலமாக்! அண்ணே, மேல இன்னொரு பூச்சு பூசி சாயம் அடிச்சிடுவோம், பாப்பா வர்றப்ப புதுசா இருக்கும், யாருக்குத் தெரியப்போவுது" என்றான். நான் சரி என்றுதான் சொன்னேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை வந்து பூசுவதாக ஏற்பாடு.

புதன்கிழமை உன் அறிக்கை வந்தது. உங்கள் ஆபீசில், ஆஸ்திரேலியாவின் வடக்கே, நம் ஊர் மாதிரியே மழை கொட்டுகிற இடத்தில் முப்பது வீடுகள் மண்கல்லில் கட்டலாமா என்று முடிவெடுக்க இந்த வீட்டின் எண்கள்தான் ஆதாரம் என்று எழுதியிருந்தாய். நம் வீட்டுக்காக மட்டும்தான் ஈரம் பார்க்கச் சொல்கிறாய் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பட்டியலுக்குக் கீழே, அளவெடுத்தவர் என்று ஆங்கிலத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அவளிடம் அப்போதுதான் சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "நாளு தள்ளாதீங்க, ஞாயித்துக்கெழம பூசைக்கு முந்தி நீங்களா சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டா?" என்றாள். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கனகராஜைப் பூசவேண்டாம் என்று தடுத்து, மீதிப் பூச்சையும் அவனோடு சேர்ந்து உரித்துப் போட்டுவிட்டேன். இப்போது சுவர் வெறுமையாக நிற்கிறது. கேன்வாஸ் போட்டு மூடினால் உள்ளே ஈரம் அடைகிறது, திறந்தால் மழை நனைக்கிறது. இந்தத் தாளை எழுதி முடிப்பதற்குள் நான்கு தடவை எழுந்து போய் மூடியும் திறந்தும் விட்டேன். மறுபடியும் குளுவாங் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அய்யாவு இப்போது நம் பின் அறையில் தரையில் படுத்துக் குறட்டை விடுகிறான். மத்தியானத்தில் அவன் செங்கல் வீடு அடுப்பாகக் கொதிக்கிறதாம், இரண்டு வாரமாகப் பாயைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுகிறான். விசிறிகூட இல்லாமல் அந்த அறை குளுமையாகத்தான் இருக்கிறது. நீ வரைந்தபடி கட்டிய மூன்று சுவர்களும் இந்த மழையில் ஒரு பொட்டுகூட உதிரவில்லை. நீ சொன்னது சரி, நான் கைவைத்த இடம்தான் கெட்டது. அவனை எழுப்பி நாலு கேள்வி கேட்கலாம் என்று வாய்வரை வருகிறது, ஆனால் பூச்சுக் கரண்டியை அவனா பிடித்தான்.

உன் அறிக்கையைத் திங்கட்கிழமை கொடுக்கவேண்டும் என்றாய். அந்தச் சுவரின் பதினொரு எண்களையும் எடுத்துவிடு. உன் மேலதிகாரியிடம் என்ன சொல்வாய், உன்னை என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் முப்பது குடும்பம் என் பொய்யின்மேல் சுவர் எழுப்பக்கூடாது. சொன்னதை மீறிச் சிமிண்டு பூசினால் மண்கல்லுக்கு என்ன ஆகும் என்று எழுதவேண்டுமானால் தாராளமாக எழுது, செய்தவன் பெயரையும் போடு. சுவரின் படங்களைத் தனியாக அனுப்புகிறேன். கீழ் வரிசைகளை எப்படி மாற்றுவது, மேல் சுவருக்கு முட்டு கொடுப்பது எப்படி என்று நீ சொல்லாமல் இனி ஒரு கல்லையும் தொடமாட்டேன். கனகராஜ் சீனப் பெருநாளுக்கு முன் வேலையை முடிக்கலாம் என்கிறான், அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன். மார்ச்சில் நீ வரும்போது சாமியார் வந்து வீட்டை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு நடந்தாலும் சரி, தள்ளிப்போனாலும் சரி. திட்டவேண்டுமானால் திட்டு, அம்மாவுக்கு வலிக்குமே என்று அடக்கிக்கொள்ளாதே, அவள் உன்னைவிட நன்றாகத் திட்டிவிட்டாள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

மாதா உன்னை எப்போதும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். போகும்போதும் வரும்போதும் கவனம், கார் கதவைப் பூட்டினாயா என்று ஒரு தடவை திரும்பிப் பார். நாளைக்கு நீ கூப்பிடும்போது இந்தச் சுவருக்கு முன்னால்தான் நிற்பேன்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா

இன்று மாலை நான்கு மணி. சாலைப் பக்கச் சுவர், கீழிருந்து இரண்டாவது வரிசை: இருபத்திரண்டு.
அளவெடுத்தவர்: மரியநாதன்.