அண்ணா இருந்த அறைக்குச் சுண்ணாம்பு

பினாங்கு
ஸ்ரீமுக வருடம், ஆவணி மாதம்

அன்பு மகன் குலசிங்கத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன், ஆனால் வழக்கம்போல் நல்ல சுகம் என்று ஒரு வரியில் பதில் போட்டாயானால் இனி நான் நம்பமாட்டேன், ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். உன் தங்கை கனகேஸ்வரியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டோம், பக்கத்து வீட்டுச் சலேஹாவின் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறாள். கந்தோரில் ஆட்குறைப்பு என்று அப்பாவை நிறுத்திய பிறகு வேறு வேலை ஒன்றும் அமையவில்லை. காலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் போகிறார், மத்தியானம் வந்து அதைக் கழற்றி மாட்டுகிறார். மழையும் விட்டபாடில்லை.

மளிகைக்கடை ராமதாஸ் சரக்கு எடுக்கச் சிங்கப்பூர் போனபோது உனக்கு எள்ளுருண்டையும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிட்டேன் அல்லவா, அவர் திரும்பி வந்து வாசலில் நின்றபடியே உன் செய்தி சொன்னார். "தம்பி நல்லாத்தான் இருக்காரு அக்கா, ரூம்புதான் ஒரே இருட்டு. கீழே லாண்டரி கடை, ஆவியெல்லாம் பலகைச் சந்து வழியா மேலே வருது, சுவரு பூரா ஈரம். ஜன்னல் கீல் உடைஞ்சு ஆணி அடிச்சு வச்சிருக்காங்க. ஆனா மெத்தை நல்ல மெத்தைலா, நீலக் கோடு போட்டது, அதிலதான் நானும் உட்கார்ந்தேன்" என்றார். மூலையில் ஒட்டுப் போட்டிருந்ததா என்று கேட்டேன். "ஆமாக்கா, செவப்புத் துணியில. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். எப்படித் தெரியும்! உன் அண்ணா சபாநாதன் டாக்டருக்குப் படிக்கப் புறப்பட்டபோது இலவம்பஞ்சு வாங்கி நான் அடைத்த மெத்தை அது, கிழிந்த மூலைக்குக் கனகேஸ்வரியின் பழைய பாவாடையை வெட்டி ஒட்டுப் போட்டதும் நான்தான். எந்த அறையில் அவன் இரத்தமாக இருமினானோ, எந்த அறையிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பக் கொண்டுவரவில்லையோ, அதே அறையில் அதே மெத்தையில் நீ படுத்து எழும்பிக்கொண்டிருக்கிறாய் என்பதை ஒரு மளிகைக்கடைக்காரர் வாயால் நான் அறிந்துகொண்டேன். கடிதங்களைக் கல்லூரி விலாசத்துக்குப் போடச் சொன்னாயே, கைதவறாமல் கிடைப்பதற்காக்கும் என்று நினைத்திருந்தேன். ராமதாஸிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, கோப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அன்று அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம், பேசி எடுத்துக் கொடுத்ததே அவர்தானாம். அண்ணா போன பிறகு அந்த அறைக்கு ஒருவரும் குடிவரவில்லை என்பதால் வீட்டுக்காரர் பாதி வாடகைக்கு விட்டாராம். "முழு வாடகை அறையெண்டால் பெடியனைப் படிக்க அனுப்பியிருக்கேலாது ஞானம். உனக்குச் சொல்லியிருந்தால் நீ விட்டிருக்கமாட்டாய்" என்றார். விட்டிருக்கமாட்டேன்தான். அதற்கு மேல் அவரோடு சண்டை பிடிக்க எனக்குப் பலமில்லை, உன்மேலும் கோபமில்லை. உடனே வந்துவிடு என்று ஒரு கடிதம் எழுதினேன், எழுதிக் கிழித்துப்போட்டேன். வந்து என்ன செய்வாய்? இவ்வளவு காலம் வேலை பார்த்த அப்பாவுக்கே இந்த ஊரில் ஓரிடம் இல்லையே. வேறு அறை எடுத்துக் கொடுக்கவும் எங்களால் ஆகாது. ஒரு பிள்ளையை விழுங்கிய அறையைத் துடைத்துத் துப்பரவாக்கி மற்றப் பிள்ளையை அதிலேயே இருத்தி வைக்கிற நிலைக்கு வந்துவிட்டேன் மகனே, பெற்றவள் எவளும் இப்படி எழுதவேண்டி வரக்கூடாது.

சனிக்கிழமை அப்பா அக்கரையிலுள்ள பிறைக்குக் கப்பலேறி அங்கிருந்து ரயிலில் வருகிறார். பழைய இரும்புக் கடையெல்லாம் அலைந்து உன் யன்னலுக்கு ஒரு சோடிக் கீல் தேடி வைத்திருக்கிறார், கூடவே சுண்ணாம்பும் ஒரு தகரத்தில் வருகிறது. அவர் வருமுன் நீ அந்த மெத்தையை வெளியே எடுத்துவிடு. யாருக்கும் கொடுக்காதே, பழஞ்சாமான்காரனுக்கும் விற்காதே, வெட்டவெளியில் வைத்துக் கொளுத்து, புகை படாத பக்கமாக நில். அம்மா தைத்தது என்று பார்க்காதே. சலேஹா நல்ல மெங்குவாங் ஓலைப் பாய் ஒன்று தந்திருக்கிறாள், அதில் படுத்துக்கொள். பலகைச் சந்துகளுக்குப் பழைய பத்திரிகையைக் கோதுமைமாப் பசையில் ஊறவைத்துத் திணித்தால் ஆவி வருவது குறையும், பசையில் கொஞ்சம் மயில்துத்தம் போடு, இல்லாவிட்டால் கரப்பான் தின்றுவிடும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதே. பால் தகரம் வருகிற மரப்பெட்டி கடைகளில் சும்மா கிடைக்கும், இரண்டை அடுக்கினால் புத்தகம் வைக்கலாம், நிலத்தில் வைத்துப் பூஞ்சணம் பிடிக்க விடாதே. அப்பாவின் வேட்டியொன்றில் கனகேஸ்வரி திரை தைத்திருக்கிறாள், பகலில் அதை ஒதுக்கிவிடு, வருகிற வெயில் வரட்டும். இவ்வளவும் செய்தால் போதுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. போதாது என்றுதான் மனம் சொல்லுகிறது, ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை.

இன்னொன்று. ராமதாஸ் படியிறங்கும்போது, "கட்டிலுக்கு மேலே சுவத்துல தம்பி பென்சில்ல என்னமோ நிறைய எழுதி வச்சிருக்காருக்கா, தமிழ்ல" என்றார். நீ சுவரில் எழுதுகிறவன் அல்ல. அண்ணாதான் காகிதம் கையில் இல்லாவிட்டால் எட்டிய இடத்தில் எழுதுவான். காய்ச்சலில் கிடந்து என்ன எழுதினானோ, பாடம்தானோ, எங்களை அழைத்தானோ, நீ இத்தனை நாளாக அதன் கீழே படுத்திருந்து எனக்கு ஒரு சொல் எழுதவில்லை. கேட்டு எழுதலாமென்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வேண்டாம். அந்தச் சுவரில்தான் ஈரம் அதிகமாம், கறுத்துப் போயிருக்கிறதாம். அதற்குத்தான் முதலில் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். எழுத்திருக்கிற இடத்தை மட்டும் சுற்றி விட்டுவிடாதே, எனக்கென்று பார்த்தெழுதியும் அனுப்பாதே. அப்பா வந்ததும் அவரைத் தனியே உள்ளே விடு, அவர் வாசித்து முடித்துக் கதவைத் திறக்கும்வரை நீ வெளியே நில். பிறகு நீயே அடி, அவருக்குக் கை வராது.

நல்லூர்க் கந்தன் உன் நெஞ்சில் இருந்து உன்னைக் காக்கட்டும், உன் மூச்சு நீண்டு நிலைக்கட்டும், எடுத்த படிப்பு முடியட்டும். சின்ன இருமல் என்றாலும் மறைக்காதே. மறந்துவிடாதே மகனே, முதல் தடவை அடித்தவுடன் சுண்ணாம்பு ஈரத்தில் அண்ணாவின் எழுத்து முன்னைவிடக் கறுப்பாகத் தெரியும். பயந்து நிறுத்திவிடாதே. நன்றாகக் காயவிட்டு இன்னொரு தடவை அடி.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
வி. ஞானாம்பிகை