கடைசி இரண்டு பெயர்கள்

கட்டுகஸ்தோட்டை
12.02.2007

அன்பான அத்தான்,

இங்கே இரண்டு பேரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்பிக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன். போனில் உங்கள் குரல் வந்து, "பிள்ளை..." என்று நீங்கள் தொடங்க, லைன் அறுந்துவிட்டது. மிச்சத்தைக் கடிதத்தில் எழுதுங்கோ.

ஆரணிக்கு நாலு மாதம். குப்புறப் புரள்கிறாள், திரும்பத் தெரியாமல் அழுகிறாள். நேற்று உடம்பு சுட்டது போல இருந்தது. நாலு தரம் காய்ச்சல் பார்த்தேன். மேல் வீட்டு றம்லத் ராத்தா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ளக்கிக் காய்ச்சல் இல்ல, உம்மாக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தா. நான் வேலை செய்கிற நேரமெல்லாம் பிள்ளை அவவின் மடியில்தான்.

வேலை என்றதும் ஞாபகம். பாதை மூடினதால் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் குடும்பத்திடம் வருகிறவர்களுக்கு உதவ கண்டியில் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கப்பலிலும் அவர்களுக்குச் சில ஆசனங்கள் உண்டு. யார் யாருக்கு என்ற பட்டியலை இன்ரநெற்றில் போட வேண்டும். அந்தப் பக்கத்தைச் செய்கிறவள் நான்.

நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறவர். இருநூறு என்றால் எங்கேயும் இருநூறுதானே என்பீர்கள். இல்லை. திரையில் ஒரு பெட்டிக்கு இருநூறு அகலம் என்று நான் எழுதினால், புதிய பிரவுசர் பெட்டியின் உள் இடத்தை மட்டும் அளக்கிறது. பழையது சுவரையும் சேர்த்து அளக்கிறது. ஒன்றுக்குச் சரியாக வெட்டிக் கொடுத்தால் மற்றதுக்கு இறுக்கிப் பிடிக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக விதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் விதி வருமுன்னே செய்த பிரவுசர்கள் வீட்டுக்கு வீடு குந்தியிருக்கின்றன, அவற்றை எழுப்ப முடியாது. ஒரு பக்கத்தை ஒரு நாளில் செய்கிறேன். அதைப் பழையதுக்குச் சமாதானம் சொல்லிச் சரிக்கட்ட ஒரு கிழமை போகிறது.

இதற்குள் சங்கச் செயலாளர் மங்களேஸ்வரி ரீச்சருக்கு, காசு தந்த நிறுவனங்களின் சின்னங்கள் எப்போதும் அடியில் வரிசையாகத் தெரிய வேண்டுமாம். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் சின்னங்கள் அசையக் கூடாது. போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முக்கியமான சங்கதியைக் கடைசிக்கு வைத்தேன். மார்ச் 24ஆம் திகதிக் கப்பலில் உங்களுக்கு ஒரு ஆசனம் தர ரீச்சர் ஓம் என்றுவிட்டா. 18ஆம் திகதி அங்கே தேவராசா அண்ணையின் கொம்பியூட்டர் கடையில் பட்டியலைப் பாருங்கோ. மூன்று நாளுக்குள் போய்ப் பயணப் பாசுக்குக் கையெழுத்து வைக்காவிட்டால் ஆசனம் வெறுமையாகத்தான் வரும், வேறு ஆளைப் போட நேரம் இராது. உடுப்பு அதிகம் கட்ட வேண்டாம். உங்களுடைய இரண்டு சேட்டு இங்கே அலுமாரியில் கிடக்கிறது.

உங்கள்
சீதா


யாழ்ப்பாணம்
02.04.2007

அன்பின் சீதா,

உம்முடைய கடிதம் கிடைத்தது. பிள்ளை புரள்கிறாள் என்ற இடத்தைப் பல முறை வாசித்தேன். கட்டில் ஓரத்தில் தலையணை வையும்.

18ஆம் திகதி தேவராசா அண்ணையின் கடைக்குப் போனேன். பட்டியலில் என் பேரைக் காணவில்லை. கப்பல் போய்விட்டது. இருக்கட்டும், இன்னொரு முறை பார்ப்போம். சங்கத்தில் போய் யாருடனும் சண்டை பிடிக்க வேண்டாம்.

இங்கே சாமான் தட்டுப்பாடு கொஞ்சம் குறைவு. ஏ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகள் நாற்பது பேர் வருகிறார்கள். கரண்ட் இல்லாததால் பகலிலேயே வகுப்பை முடித்துவிடுகிறேன். நீர் நேரத்துக்குச் சாப்பிடும்.

அன்புடன்
விவேகானந்தன்


கட்டுகஸ்தோட்டை
05.05.2007

அன்பான அத்தான்,

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பிழை சங்கத்தில் இல்லை. பிழை என்னில்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், ஒரு கடையில் பழைய கொம்பியூட்டரில் பட்டியலைத் திறந்தேன். வீட்டில் என் கொம்பியூட்டரில் பதினெட்டுப் பெயர். அங்கே பதினாறு. கடைசி இரண்டும் சின்னங்களுக்கு அடியில் போய் மறைந்திருந்தன. பழைய பிரவுசர் பெட்டியின் உயரத்தைத் தன் பாட்டுக்கு அளந்திருக்கிறது. பட்டியல் அகரவரிசை. கடைசி இரண்டு பெயர் வரதராசா, விவேகானந்தன். காசு தந்தவர்களின் சின்னத்தை என் புருஷனின் பெயருக்கு மேலே நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

அந்தக் கடைக்காரனுக்கு முன்னால் அழுதுவிட்டேன். அவன் இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்துக் காசு வேண்டாம் என்றான்.

வீட்டுக்கு வந்து திருத்தினேன். பழையதில் பதினெட்டும் தெரிந்தது, புதியதில் பட்டியல் இரண்டாகப் பிளந்தது. அதைத் திருத்த இது குழம்பியது. மூன்றாம் நாள், பழைய பிரவுசருக்கு மட்டும் புரிகிற மாதிரித் தனியாக ஒரு வரி எழுதி வைத்தேன். அழகான வேலை இல்லை, விதிக்கும் உட்பட்டதில்லை. ஆனால் பெயர் தெரிகிறது. இப்போது நாலு கடைகளில் போய்ப் பார்த்துவிட்டேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான். ராத்தா பேசினா: "பொட்டிப் பொட்டியாப் புருஷனத் தேடிட்டுத் திரியிறீங்களே, புள்ளக்கி வெயில் படுது."

அந்த வரதராசா யாரோ, அவருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கும் ஒரு பிள்ளை இருந்தால்?

ரீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவ ஜூன் 16 கப்பலில் உங்கள் பெயரை எழுதினா. 10ஆம் திகதி பாருங்கோ. இந்த முறை மறைக்காது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கோ.

உங்கள்
சீதா


கட்டுகஸ்தோட்டை
22.07.2007

அன்பான அத்தான்,

ஜூன் கப்பலும் வந்தது. உங்கள் கடிதம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் சங்கத்தில் விலாசம் கேட்டு வீடு தேடி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கலஹாப் பக்கம் மனைவி படிப்பிக்கிறாவாம், பிள்ளைகள் இரண்டு பேராம். இன்ரநெற் பக்கம் செய்த தங்கச்சிக்கு நன்றி சொல்ல வந்தேன் என்றார். பெயர் வரதராசா.

மார்ச் கப்பலில் வந்தாராம். நான் விளங்காமல், உங்கள் பெயர் மறைந்தல்லவா கிடந்தது என்று கேட்டேன். அதற்கு அவர், அடியில் ஏதோ மறைக்கிறது என்று தேவராசா அண்ணை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார், மௌஸை அழுத்திக் கீழே இழுத்தால் எழுத்து வரும், வந்ததைத் தாளில் எழுதிக் கடைக் கதவில் ஒட்டுகிறவர் என்றார். பிறகு தானாகவே சொன்னார், அத்தான். நான் கேட்கவில்லை.

"எனக்குக் கண் சரியில்லை தங்கச்சி. கணக்கு மாஸ்டர்தான் வாசிச்சுக் காட்டினவர். உங்கட பேர் இருக்கு, ஓடிப்போய்ப் பாசை எடுங்கோ எண்டார். அவரின்ர பேரும் எனக்குக் கீழதான் இருந்தது. கப்பலடியில பாத்தன், ஆளைக் காணேல்லை."

நான் தேத்தண்ணி போடப் போவதாகச் சொல்லி உள்ளே போனேன்.

மூன்று மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்திருந்தால் போதும். "பேரைக் காணவில்லை" என்று எழுதினீர்கள். மே மாதம் நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அதற்கும் பேசாமல் இருந்தீர்கள்.

பாதை மூடியது ஆகஸ்டில். வீட்டு உறுதிப் பத்திர அலுவல், இரண்டு கிழமையில் வருகிறேன் என்று நீங்கள் போனது ஜூனில். இதை நான் இதுவரை கணக்குப் பார்க்கவில்லை.

வர விருப்பம் இல்லை என்றால் எழுதுங்கோ. தாங்குவேன்.

சீதா


யாழ்ப்பாணம்
19.08.2007

அன்பின் சீதா,

பேரைப் பார்த்தேன். இரண்டு முறையும் பார்த்தேன். முதல் முறை கடைக்கு வெளியே வந்து பாஸ் கொடுக்கிற கந்தோர் வரைக்கும் சைக்கிளில் போனேன். வரிசையிலும் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது திரும்பிவிட்டேன்.

உமக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வருஷம் மே மாதம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பொலிசார் என்னைப் பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்தார்களே. அடிக்கவில்லை, விசாரித்துவிட்டு விட்டார்கள் என்று உமக்குச் சொன்னேன். அது உண்மை இல்லை. நீர் ஐந்து மாதம் வயிற்றோடு இருந்தீர். அந்த நேரம் எதைச் சொல்ல? வெளியே வந்த பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போக அந்தப் பாலத்தைக் கடந்தேன். கடந்து முடிகையில் சேட்டு நனைந்திருக்கும். உறுதி அலுவல் ஒரு சாட்டு.

பாதை மூடினபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கப்படுகிறேன். இனி வராமல் இருப்பது என்னுடைய குற்றம் இல்லை என்று நினைத்தேன். பிறகு உம்முடைய பக்கத்தில் பிழை என்று நீர் எழுத, அதையும் பிடித்துக்கொண்டேன்.

உம்மில் ஒரு பிழையும் இல்லை.

விவேகானந்தன்


கலஹா வீதி,
பேராதனை
28.10.2007

அன்பான அத்தான்,

பதில் பிந்திவிட்டது. முதல் மாதம் கோபத்தில் எழுதவில்லை. அடுத்த மாதம் வீடு மாறிக்கொண்டிருந்தேன்.

மேலே விலாசத்தைப் பாருங்கோ. வரதராசா அண்ணை பிடித்துத் தந்த அறை. மழைக்கு ஒரு மூலை ஒழுகும். றம்லத் ராத்தா லொறி வரைக்கும் வந்து பிள்ளையைத் தராமல் வைத்துக்கொண்டு நின்றா.

நீங்கள் மறைத்ததை மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்கு நடந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அந்த இரண்டு வெறும் ஆசனங்களை நினைத்தால் கோபம் வருகிறது. இரண்டு பேர் வந்திருக்கலாம், அத்தான். இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குள் இருக்கிறது. ஒன்றை ஒன்று அழிக்கவில்லை.

ரீச்சரிடம் உங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். பக்கத்தை நான் தொடர்ந்து செய்கிறேன், ஆனால் பெயர்களை இனி அவவே ஏற்றுவா. நான் பார்க்க மாட்டேன். பெயரைக் கொடுப்பதானால் நீங்களே போய்க் கொடுங்கோ. ஒரு நல்ல நாளில், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நின்றாலும் நிற்க முடிகிற நாளில்.

கப்பல் வந்து சேர்கிற திருகோணமலையில் ரயில் ஏறிப் பொல்கஹவெலவில் மாறினால் பேராதனைச் சந்தி. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வரத் தேவையில்லை. ஆனால் பொய் சொல்ல மாட்டேன். ஆற்றைக் கடக்காமல் இந்த அறைக்கு வர வழியில்லை. இங்கேயும் ஒரு பாலம் உண்டு, பொலிசும் நிற்கிறார்கள். மூன்று நாள் நின்று பார்த்தேன். அடையாள அட்டையைப் பார்க்கிறார்கள், சில பேரை மறிக்கிறார்கள், அநேகமானவர்களை விடுகிறார்கள்.

வருகிற திகதியை மட்டும் எழுதுங்கோ. நானும் ஆரணியும் ரயிலடிக்கே வந்து நிற்போம். அவள் இப்போது ஒரு கையைப் பிடித்தால் நடக்கிறாள். மற்றக் கையை நீங்கள் பிடிக்கலாம். மூன்று பேருமாக, அவளுடைய வேகத்தில் கடப்போம்.

சீதா