காய்ந்த வயலுக்கு அடியில்

அன்புள்ள ரஞ்சிதாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் குட்டி தீபிகாவும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

பீகாரில் ஆற்றோரம் ஒரு வயலில் போர்வெல் போட ரிக் வண்டியோடு வந்திருக்கிறோம். மேல்மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நம் எருமப்பட்டிச் செம்மண்போல நினைத்துக் கால் வைத்தேன், இடுப்புவரை இறங்கிவிட்டேன்! உள்ளே முழுக்கச் சாம்பல் நீலக் களிமண், நடுநடுவே துருப்பிடித்தது போலச் செம்புள்ளிகள், அழுகிய முட்டை நாற்றம். காலை உருவ உருவ இன்னும் கவ்வியது.

“ஆடாதீங்க சாமி, அப்படியே பின்னால சாஞ்சுக்கோங்க!” என்று கத்திக்கொண்டே டிரைவர் கருப்பண்ணன் கயிறு வீசி இழுத்தார். ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணாம். தண்ணீர் வடிய வழியில்லாமல் அடியில் எப்போதும் ஊறியே கிடக்குமாம்.

பயப்படாதே, அடி ஏதுமில்லை. செருப்பும் போனும்தான் போயின.

கருப்பண்ணன் தன் போனைக் கொடுத்து, “ஊட்டுக்குப் பேசுங்க” என்றார். வாங்கிய பிறகுதான் உன் நம்பர் எனக்குத் தெரியாது என்பதே தெரிந்தது. சேற்றில்கூட அப்படித் திகைக்கவில்லை. நம்மூர் ரிக் ஆபீசில் உன் நம்பரைக் கேட்டால், நான் சேற்றில் மாட்டியதை ஊரெல்லாம் பேசி உன்னைக் கலங்கடித்துவிடுவார்கள்.

கடிதத்தின் பின்னால் நாங்கள் தங்கியிருக்கும் விலாசம் இருக்கிறது, அதற்கு உன் நம்பரை எழுதி அனுப்பு. மனப்பாடம் செய்துகொள்கிறேன். தபால் போட டவுனுக்கு வண்டி கிளம்புகிறது.

உன்,
இளவழகன்