தையல்காரர் பிரிக்காத கடிதங்கள்

கடவுள் துணை.

என் மரியாதைக்குரிய உங்களுக்கு, ஆண்டவன் புண்ணியத்தில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மகள் வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

இங்கே அரசாங்கக் குடியிருப்பில் தனியாக இருக்கும் முதியவர்களைத் தினமும் போய்ப் பார்ப்பதுதானே என் வேலை. மூன்றாம் மாடித் தையல்காரருக்கு வரும் கடிதங்களைத் தேதிவாரியாக மேசைமேல் அடுக்கி வைப்பேன். என் ஒழுங்கை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. அவர் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். குடியிருப்பைத் தொடர்வதற்கான வருடாந்தரப் படிவத்துக்குப் பதிலே இல்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்.

"ஏங்கய்யா, ஒண்ணையும் படிக்கலியா?"

"எழுத்து தெரிஞ்சாத்தானேம்மா படிக்க? கண்ணு மங்கி ஒரு வருஷமாச்சு. வெளியில சொன்னா முதியோர் விடுதியில கொண்டுபோய்த் தள்ளிடுவீங்களே!"

கையைப் பிடித்து அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். படிவத்தை வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போடுமிடத்தில் அவர் விரலை வைத்தேன்.

"தினம் போறீங்க, கவனிக்கலியாம்மா?" என்றார் அதிகாரி. கையெழுத்தான படிவத்தை அவரிடம் நீட்டினேன். வீடு தப்பியது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

என் பிரார்த்தனைப் புத்தகத்தை அனுப்புங்கள். அதற்குள் மகளின் போட்டோ ஒன்று வையுங்கள்.

உங்கள் போன கடிதத்தில் வரிகள் கோடு தப்பிக் கீழே இறங்கியிருந்தன. அவசரத்தில் எழுதியிருப்பீர்கள் என்று மடித்து வைத்துவிட்டேன். இதை நீங்களே படிக்கிறீர்களா, மகள் படித்துக் காட்டுகிறாளா? மறைக்காமல் எழுதுங்கள். நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மனைவி