மாமா வெளியே போகும்வரை

அக்காவுக்கு,

எங்கள் தையல் கம்பெனி விசாரணை அறையில் நான் முதலில் கவனித்தது டேபிள் ஃபேனைத்தான். அது உன் வீட்டுக்காரர் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது.

இஸ்திரி போடும் பெண்ணைச் சூப்பர்வைசரான மாமா அறைந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் சொல்லாவிட்டால் பொய்ப் புகார் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அது தெரிந்தும், "வீட்டு மனுஷனைக் காட்டிக் கொடுத்தா இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாய். நல்லது, மிதிக்க மாட்டேன்.

விசாரிக்க வந்த அதிகாரி, "மாமா முன்னாடியே சொல்லும்மா. சொந்தம்தானே, என்ன பயம்?" என்றார்.

"அவ வாயில்லாப் பூச்சி சார்" என்று மாமா சிரித்தார்.

"அவர் வெளிய போகட்டும் சார். அப்புறம் சொல்றேன்."

யாரும் அசையவில்லை. நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து, அவர் போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

தங்கை